கட்டாமல் விட்ட மூன்றாவது பொட்டலம்

மகனே,

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்க எனக்கு வாய் வரவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். மும்பையில் பதினோராவது மாடியில் ஆபீஸ், கழுத்தில் தொங்குகிற அட்டை, இப்போது கல்யாணம். போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது நான் திருத்தணி பஸ் ஸ்டாண்டு வாசலில் பூக்கூடைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன். "நைனா, அடுத்த மாசம் பதிவு ஆபீஸ்ல கல்யாணம். சின்னதா ஒரு சாப்பாடு, அவ்ளோதான்" என்றாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அம்மா வருவாங்களா?" என்றும் கேட்டாய். மூன்று வருஷமாக நீ என்னிடம் கேட்காத கேள்வி அது. பஸ் சத்தத்தில் காதில் விழவில்லை என்பதுபோல் நான் போனை வைத்துவிட்டேன். விழுந்தது.

உன் அம்மாவிடம் அன்று சாயங்காலமே சொன்னேன். தொடுத்துக்கொண்டிருந்த கனகாம்பரத்தைக் கீழே வைக்காமலே பதில் சொன்னாள். "சூதாடினவன் கல்யாணத்துக்கு நான் எதுக்கு வரணும்? எங்க நைனா குடுத்த கடைய தின்னுட்டுப் போனவன் அவன். நீ வேணும்னா போய்ட்டு வா பாவா. போட்டோகூட எனக்குக் காட்டாத." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான் மறைத்தேன். மூன்று வருஷமாக, அந்தச் சோற்றையே அவள் கையால் வாங்கித் தின்றுகொண்டு மறைத்தேன். அவள் வராமல் உன் கல்யாணம் நடந்தால் அதற்குக் காரணம் நீ இல்லை, நான். அதை எழுதத்தான் இந்தத் தாள்கள். உறையை நான் ஒட்டப்போவதில்லை. உன் பேர் கெட்டது தெருவில், அதனால் இதையும் தெருவில் இருப்பவர்கள் படிக்கட்டும். முதலில் உன் சிநேகிதன் காதர் படிப்பான், பிறகு உன் அம்மா. நீ கடைசிதான்.

கல்யாணம் ஆகப்போகிற மகனுக்கு அப்பன் நாலு புத்தி சொல்வது வழக்கம். அந்த யோக்கியதை எனக்கு இல்லை என்று தெரியும். ஆனாலும் அறுபது வருஷம் பேசிப் பழகிய வாய் சும்மா இருக்காது, நடுநடுவே சொல்லிவைப்பேன். வேண்டியதை எடுத்துக்கொள், மற்றதைத் தூக்கிப் போடு.

உனக்குத் தெரிந்ததைத்தான் முதலில் எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் விளங்க வேண்டுமே. மலைக்கோயில் படிக்கட்டின் அடிவாரத்தில் நமக்கு ஒரு பூக்கடை இருந்தது. அது என் சம்பாத்தியம் இல்லை. உன் அம்மாவின் அப்பா, எனக்குத் தாய்மாமனும் மாமனாருமானவர் (அந்த முறையில்தான் அவள் என்னை இன்றைக்கும் பாவா என்கிறாள்), மகளுக்கு நகை போட வசதி இல்லாமல் தான் நடத்திய கடையை எங்கள் கையில் கொடுத்தார். கடை கோயிலுடையது. வருஷா வருஷம் ஜூன் கடைசியில் குத்தகைக்கு ஏலம், ஏலம் எடுத்தவர் முன்பணம் கட்ட வேண்டும், கட்டத் தவறினால் அடுத்தவனுக்குப் போய்விடும். அவர் ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. நானும் அந்த ஒரு வருஷம் வரைக்கும் தவறியதில்லை.

பூ விற்றதோடு பூக் கட்டிக் கொடுப்பதும் என் வேலை. வரன் பார்க்கிறவர்கள், கிணறு வெட்டுகிறவர்கள், வழக்குப் போடுகிறவர்கள் எல்லாரும் வருவார்கள். ஒரு இலைப் பொட்டலத்தில் வெள்ளை நந்தியாவட்டை, இன்னொன்றில் செவ்வரளி, வெளியே பார்த்தால் எது எது என்று தெரியாதபடி ஒரே மாதிரி மடித்து வாழைநாரால் கட்டிக் கொடுப்பேன். சாமி முன்னால் வைத்து, விவரம் தெரியாத ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் ஆகும், சிவப்பு வந்தால் ஆகாது. இதில் ஒரு நியாயம் உண்டு. ஆகுமா, ஆகாதா என்றுதான் கேட்க வேண்டும். இதுவா, அதுவா என்று கேட்கக் கூடாது. ஒருமுறை திருவாலங்காட்டிலிருந்து ஒரு அம்மா வந்து, "ரெண்டு மாப்பிள்ள வந்துகிறாங்க, வாத்தியாருக்கு வெள்ள, மில்லுல வேல செய்றவருக்குச் சேப்பு, கட்டிக் குடு" என்றாள். நான் கட்ட மறுத்துவிட்டேன். "ரெண்டுமே ஒத்துவராதுன்னா சாமி எத எடுத்துக் குடுக்கும்மா? ஒண்ணொண்ணா கேளு" என்று சொல்லி அனுப்பினேன். நீ அப்போது கடையில்தான் இருந்தாய், எட்டாவது படித்துக்கொண்டிருந்தாய். நான் சொன்ன பதிலைக் கேட்டுச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது, பெருமையாகப் பார்த்துச் சிரித்தாய்.

விலை விஷயத்தில் உனக்கு ஒரு மூக்கு இருந்தது. அதை யாரும் உனக்குச் சொல்லித் தரவில்லை. கிருத்திகை அன்று காலையில் அரக்கோணம் வண்டியில் எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து, "நைனா, மதியத்துக்கு மேல விலை இறங்கும், இப்பவே தள்ளிடு" என்பாய். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு ஆடிக் கிருத்திகை. மலை முழுக்க புஷ்பக் காவடி. முழம் என்ன விலை சொன்னாலும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். நீ மேற்கே வானத்தைப் பார்த்துவிட்டு, மழை வரும், இப்பவே எல்லாவற்றையும் விற்றுவிடு என்றாய். நேற்று முளைத்தவன் எனக்குச் சொல்வதா என்று நான் இன்னும் விலை ஏறட்டும் என்று பத்துக் கூடையை உள்ளே எடுத்து வைத்தேன். மூன்று மணிக்கு ஊற்றியது பார், படிக்கட்டில் தண்ணீர் அருவியாக இறங்கியது. கூட்டம் சத்திரத்துக்குள் புகுந்துகொண்டது. மறுநாள் பத்துக் கூடையையும் மாட்டுக்குப் போட்டோம். நீ ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. குத்திக் காட்டியிருக்கலாம். காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் புத்தி வந்திருக்கும்.

கிரிக்கெட் பைத்தியம் பிடித்த ஊரில் உனக்குக் கால்பந்துப் பைத்தியம் பிடித்தது அரக்கோணத்து ரயில்வே மைதானத்தால்தான். காலேஜ் விட்டு வரும்போது அங்கே இறங்கி, ரயில்வேக்காரர்கள் ஆடுவதைப் பார்த்துவிட்டுக் கடைசி வண்டியில் வருவாய். படிப்பு முடிந்தது, வேலை கிடைக்கவில்லை. காதர் அரக்கோணத்தில் அவன் அப்பாவின் மெக்கானிக் ஷெட்டுக்குப் பக்கத்தில் நாலு கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் வைத்தான். அங்கேதான் நீ அந்தச் சந்தையைக் கண்டுபிடித்தாய். உன்னோடு படித்து வெளிநாடு போனவன் ஒருவன், அவன் பேரில் கணக்கு. பணத்தை மணவூரில் அவன் வீட்டில் கொடுத்தால் அங்கே ஏறிவிடும்.

ஒருநாள் கடையில் பூ கட்டிக்கொண்டே எனக்கு விளக்கினாய். "நைனா, இது பெட்டு இல்ல. ரெண்டு நாடு ஆடுதுன்னு வெச்சிக்கோ. 'இவன் ஜெயிப்பான்'னு ஒரு சீட்டு. ஜெயிச்சா அந்தச் சீட்டுக்கு நூறு, இல்லன்னா ஒண்ணும் இல்ல. ஆட்டம் முடியற வரைக்கும் அத யார் வேணா வாங்கலாம், விக்கலாம். காலைல நாப்பது, ஒரு கோல் போட்டா எழுவது. நான் ஜெயிக்கிறவனக் கண்டுபுடிக்கத் தேவயில்ல. மலிவா வாங்கி ஏறும்போது வித்துட்டு வந்துகினே இருப்பேன். நம்ம மல்லிப்பூ மாதிரிதான். வாடறதுக்கு முன்னாடி கை மாத்திடணும்." எனக்கு அது நன்றாகப் புரிந்தது. பாழாய்ப்போன அளவுக்கு நன்றாகப் புரிந்தது. காதர் ஒருத்தன்தான் தடுத்தான். நான் அரக்கோணம் போனபோது டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டான்: "எங்க வூட்ல இது ஹராம் அங்கிள், நான் தொடமாட்டேன். உங்க வூட்ல என்னா?" நான் பெரிய மனுஷனாகச் சிரித்துக்கொண்டு, "இது சூதாட்டம் இல்லப்பா, வியாபாரம்" என்றேன். நெற்றி நிறைய விபூதியோடு சொன்னேன்.

நீ ஜெயித்துக்கொண்டிருந்தாய் என்பதும் உண்மை. கொஞ்சம் கொஞ்சமாக, பேராசை இல்லாமல். பூ வைக்க ஒரு பழைய பிரிஜ் வாங்கிப் போட்டாய். உன் அம்மா அதைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். டியூஷன் எடுத்த காசு என்று அவளிடம் சொன்னது நீ இல்லை, நான். அந்தப் பொய்தான் முதல் பொய். அது இனித்தது. அதனால்தான் உனக்குச் சொல்கிறேன்: பெண்டாட்டியிடம் முதல் பொய்யைச் சொல்லாதே. இரண்டாவது பொய் அதுவாகவே வந்து வாயில் நின்றுகொள்ளும்.

அந்த வருஷம் உலகக் கோப்பை. ஜூன் மாதம். நாடுகளின் பேரெல்லாம் எனக்கு வாயில் நுழையாது, சட்டை நிறத்தை வைத்துத்தான் எனக்கு அடையாளம். வெள்ளைச் சட்டைக்காரனும் சிவப்புச் சட்டைக்காரனும் முதல் சுற்றின் கடைசி ஆட்டத்தில் மோதுகிறார்கள். டிரா ஆகும் என்ற சீட்டை நீ பத்து நாள் முன்னாடியே மலிவாக வாங்கி வைத்திருந்தாய். அதற்குள் விலை ஏறிவிட்டது. காரணம் கேட்டேன். "சமமா முடிஞ்சா ரெண்டு பேருமே அடுத்த சுத்துக்குப் போயிடுவாங்க நைனா. அப்புறம் எதுக்கு ஓடணும்?" என்றாய். "பேசிவெச்சிகினு ஆடுவானுங்களா?" "பேச வேணாம். ரெண்டு பேருக்கும் அது போதும், அவ்ளோதான்." இன்றைக்கு வரைக்கும் அதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு எதையும் விளக்கியதில்லை. ஆனால் அன்று எனக்கு அது ஏறவே இல்லை. சண்டை என்றால் ஒருத்தன் விழ வேண்டும். யாரும் ஜெயிக்காமல் கையைக் குலுக்கிக்கொண்டு போவதற்கு எதற்கு அத்தனை ஆயிரம் பேர் கூடி நிற்க வேண்டும்?

இப்போது உன் அம்மாவுக்குத் தெரியாத இடத்துக்கு வருகிறேன். ஏல முன்பணம் இரும்புப் பெட்டியில் இருந்தது. கட்ட இன்னும் ஆறு நாள். நீ அதைத் திருடினாய் என்றுதான் அவளும் தெருவும் நம்புகிறார்கள். நீ கேட்கக்கூட இல்லை. நானே பெட்டியைத் திறந்து, மஞ்சள் பையோடு உன் கையில் வைத்தேன். "ஆறு நாளுல ரெண்டு பங்கா திரும்பட்டும், அடுத்த வருஷப் பணத்தையும் இப்பவே எடுத்து வெச்சிடலாம்" என்றேன். நீ வேண்டாம் என்றாய். "கடைக் காசு வேணாம் நைனா. என்னுது மட்டும் போதும்" என்று பையைத் திருப்பி நீட்டினாய். நான் உன்னைக் கோழை என்று சொன்னேன். அந்த வார்த்தை உனக்கு மறந்திருக்காது. பையைத் தூக்கிக்கொண்டு மணவூருக்குப் போனாய்.

காசு போகிறது என்றதும் பயம் வந்தது, பயம் வந்ததும் சாமி ஞாபகம் வந்தது. ஆட்டத்தன்று காலை கடையைத் திறந்து முதல் வேலையாக இரண்டு பொட்டலம் கட்டினேன். வெள்ளைச் சட்டைக்காரனுக்கு நந்தியாவட்டை, சிவப்புச் சட்டைக்காரனுக்கு அரளி. ஆகுமா ஆகாதா என்று கேட்கவில்லை. இதுவா அதுவா என்று கேட்டேன். திருவாலங்காட்டு அம்மாவுக்கு மறுத்ததை எனக்கு நானே கட்டிக் கொடுத்தேன். படிக்கட்டுப் பிள்ளையார் முன்னால் வைத்துவிட்டு, மொட்டையடித்துத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு இறங்கி வந்த ஒரு குழந்தையை அழைத்து ஒன்றை எடுக்கச் சொன்னேன். குழந்தை எடுத்தது. பிரித்தேன். நந்தியாவட்டை. டிராவுக்கு மூன்றாவது பொட்டலம் ஒன்று கட்ட வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. முப்பது வருஷம் பூக் கட்டிக் கொடுத்தவனுக்கு வரவில்லை.

கடையை அம்மாவிடம் விட்டுவிட்டு, மொத்தச் சரக்கு பேச வேண்டும் என்று பொய் சொல்லி உன்னோடு அரக்கோணம் வந்தேன். வண்டியில் உன்னிடம் பொட்டலத்தைக் காட்டினேன். "டிராவ வித்துடு. எல்லாத்தையும் வெள்ள மேல போடு" என்றேன். நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய். "நைனா, டிராவ இப்ப வித்தாலே நல்ல லாபம். அத எடுத்துகினு வூட்டுக்குப் போயிடலாம்" என்றாய். "சாமி சொன்னதுக்கு மேல நீ சொல்றியா?" என்று கேட்டேன். காதர் கடைக்குப் போனதும் நான் சொன்னபடியே டிராவை விற்று எல்லாவற்றையும் வெள்ளை மேல் போட்டாய். இந்த இடத்தில்தான் எனக்கு உன்மேல் ஆத்திரம் பொங்குகிறது. முடி வெட்டு என்றால் கேட்டதில்லை. போலீஸ் பரீட்சை எழுது என்றால் கேட்டதில்லை. பிறந்ததிலிருந்து நான் சொன்ன ஒன்றைக்கூடக் கேட்காதவன், அன்றைக்கு ஏன்டா கேட்டாய்?

ஆட்டம் நம் நேரத்துக்கு மாலை ஏழரை மணிக்கு. காதர் கடையில் கம்ப்யூட்டரில் எண்கள் மட்டும்தான் ஓடின, ஆட்டம் எதிரே டீக்கடை டிவியில் ஓடியது. நீ எண்ணைப் பார்த்தாய், நான் டீக்கடை வாசலில் நின்று டிவியைப் பார்த்தேன். இருபதாவது நிமிஷம் வெள்ளைச் சட்டை ஒரு கோல் போட்டது. பிள்ளையாரே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு ஓடிவந்தேன். சீட்டு விலை எழுபதைத் தாண்டியிருந்தது. "இப்ப வித்துடலாம் நைனா" என்றாய். "முழுசா நூறு வரட்டும்" என்றேன். இடைவேளைக்கு அப்புறம் எண்பதுக்கு வந்தது. காதர் எழுந்து வந்து, "பாதியாச்சும் எடுங்க அங்கிள்" என்றான். நீ மறுபடியும் என்னைத் திரும்பிப் பார்த்தாய். "பூ நல்ல விலைக்கு வந்துகிது நைனா. வாடறதுக்கு முன்னாடி..." என்றாய். உன் கை பொத்தான் மேலேயே இருந்தது. நான் உன் கையைப் பிடித்து எடுத்துவிட்டேன். ஆமாம், பிடித்து எடுத்தேன். காதருக்குத் தெரியும், அவன் பார்த்தான்.

முடிய நாலைந்து நிமிஷம் இருக்கும்போது சிவப்புச் சட்டை ஒரு கோல் போட்டது. ஒன்றுக்கு ஒன்று. அப்புறம் நீ சொன்னது அப்படியே நடந்தது. யாரும் ஓடவில்லை. பந்தைத் தங்களுக்குள்ளேயே உருட்டிக்கொண்டு நின்றார்கள், இரண்டு பேருக்கும் அது போதுமாக இருந்தது. நம் சீட்டு விலை சரசரவென்று இறங்கிச் செல்லாக்காசானது. நீ பத்து நாள் வைத்திருந்து, நான் விற்கச் சொன்ன அந்த டிரா சீட்டு நூறு ஆனது. ஆட்டம் முடிந்து இரண்டு பக்கத்துக்காரர்களும் கட்டிப்பிடித்துச் சிரித்துச் சட்டையை மாற்றிக்கொண்டார்கள். டீக்கடைக்காரர், "இன்னா ஆட்டம் இது, ஒருத்தனும் ஜெயிக்கல" என்று டிவியை அணைத்தார்.

ஆறாவது நாள் கடை போயிற்று. பெட்டியைத் திறந்து பார்த்த உன் அம்மா, கடையின் முன்னால் நடுத்தெருவில் உன்னை நிறுத்திக் கேட்டாள். "எட்த்தியா?" நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். எவ்வளவு நேரம் பார்த்தாய் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தேங்காய்க் கடைக்காரர் எழுந்து வந்து நின்றார், கற்பூரம் விற்கிற பெண்கள் எல்லாரும் நின்றார்கள். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் சொம்பை எடுத்துக் கூடையில் இருந்த பூவுக்குத் தண்ணீர் தெளித்தேன். மறுநாள் முதல் நமக்கு இல்லாத கடையில், மறுநாள் விற்கப்போகாத பூவுக்குத் தண்ணீர் தெளித்தேன். "ஆங், எட்த்தேன்" என்றாய் நீ. "இனிமே என்ன அம்மான்னு கூப்டாத" என்றாள் அவள். அன்று மத்தியான வண்டியில் நீ போய்விட்டாய்.

எனக்காகத்தான் சொன்னாய் என்று தெரியும். அதற்காக உன்னைக் கும்பிட வேண்டும் என்று காதர் சொல்கிறான். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஒளிக்காமல் சொல்கிறேன். நீ என்னைக் காப்பாற்றவில்லை. நீ பொய்யைச் சுமந்துகொண்டு ரயில் ஏறிவிட்டாய், நான் அதோடு ஒரே பாயில் படுத்து எழுந்தேன். மாதா மாதம் நீ அனுப்புகிற பணத்தை அவள் தொடமாட்டேன் என்கிறாள், நான் வாங்கிக்கொள்கிறேன். அதில்தான் பூ வாங்கிக் கூடையில் போட்டு பஸ் ஸ்டாண்டில் விற்கிறோம். வெயிலில் அவளுக்குக் கால் வீங்குகிறது. சாமந்தி கட்டிக்கொண்டே உன்னைத் திட்டுவாள், நான் நார் கிழித்துக் கொடுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். சில நாள் நானும் கூடச் சேர்ந்து இரண்டு வார்த்தை திட்டியிருக்கிறேன். சும்மா இருந்தால் சந்தேகம் வரும் என்று திட்டினேன். இதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

உன் உத்தியோகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலகத்தில் எங்கே பந்து உருண்டாலும் எந்தச் சீட்டுக்கு என்ன விலை என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிற வெளிநாட்டுக் கம்பெனியில் வேலை என்கிறாய். சட்டப்படி சரியான வேலை என்றும் சொன்னாய். இருக்கட்டும். நாம் நின்று தோற்ற கம்ப்யூட்டருக்கு அந்தப் பக்கம் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாய். புத்திசாலிதான். ஆனால் நீ எண்பது என்று எழுதுகிற எண்ணை எங்கேயோ ஒரு ஊரில், நெற்றியில் விபூதியோடு ஒரு கிழவன், மகன் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பான். விலையைப் போடும்போது அவனையும் ஒரு தடவை நினைத்துக்கொள். நினைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை, இருந்தாலும் நினை.

வேறென்ன புத்தி சொல்ல? உன் பெண்டாட்டியிடம் எதையும் இதுவா அதுவா என்று கேட்காதே. அம்மாவா நானா என்று அவளும் கேட்காமல் பார்த்துக்கொள். இரண்டும் இல்லாத பதில் ஒன்று எப்போதும் இருக்கும், நாம் கட்டாமல் விட்டதனால் அது இல்லாமல் போய்விடாது. உனக்கு ஒரு மகன் பிறந்து, அவன் உன்னைவிட விவரமாக ஒன்றைச் சொன்னால் வாயை மூடிக்கொண்டு கேள். முக்கியமாக, தெருவில் நாலு பேர் முன்னால் அவன் உன்னைத் திரும்பிப் பார்த்தால், கையில் இருக்கிற சொம்பைக் கீழே வை.

இதுவரை எழுதியதை முந்தாநாள் அரக்கோணம் போய்க் காதரிடம் கொடுத்தேன். கடையில் நின்றுகொண்டே முழுக்கப் படித்தான். "மூணு வருசம் முன்னாடியே எழுதியிருந்தா ஒரே பக்கத்துல முடிஞ்சிருக்கும் அங்கிள்" என்றான். டீ வாங்கித் தரவில்லை.

நேற்று மத்தியானம் உன் அம்மாவிடம் கொடுத்தேன். உனக்குத்தான் தெரியுமே, வாயை அசைத்து எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். கூடை அருகே குந்தி, பஸ்ஸுக்குப் போகிறவர்கள் பூ கேட்டால் கை காட்டி அனுப்பிவிட்டு, சாயங்காலம் வரைக்கும் படித்தாள். முடித்ததும் தாள்களை அடுக்கி மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். "விக்கலாம்னு சொன்னானா?" "ஆங், சொன்னான்." "ரெண்டு வாட்டியும்?" "ரெண்டு வாட்டியும்." அவ்வளவுதான். அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். மிச்சமிருந்த கனகாம்பரத்தைத் தொடுத்து முடித்தாள். வீட்டுக்குப் போகும்போது கூடையை என்னிடம் கொடுக்காமல் தானே தூக்கிக்கொண்டாள்.

இன்று காலை துணிப்பெட்டியைத் திறந்து, மடித்து வைத்திருந்த பச்சைப் பட்டுப்புடவையை எடுத்துக் கொடியில் போட்டாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "அரக்கோணத்துல மும்பை வண்டி எத்தினி மணிக்குன்னு காதரக் கேளு. டிக்கெட்டு போடச் சொல்லு" என்றாள். "ரெண்டு டிக்கெட்டா?" என்று கேட்டேன்.

"ஒண்ணு" என்றாள். பாவா என்று சொல்லவில்லை.

அவள் வருகிறாள் மகனே. ஸ்டேஷனுக்கு நீயே போய்க் கூட்டிக்கொண்டு வா, அவளுக்கு இந்தி தெரியாது. அம்மா என்று கூப்பிடு, இந்தத் தடவை ஒன்றும் சொல்லமாட்டாள். அவள் புறப்படுகிற அன்று மணமாலை இரண்டையும் நான் கட்டி, ஈரத்துணியில் சுற்றி வைக்கிறேன். மும்பை வரைக்கும் வாடாது. அதை அவள் எடுத்துக்கொண்டு வருவாளா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. கட்டி வைக்கிறேன்.